காற்றாடி வளைவில் நிற்கிற வண்டி

ஆடி 4, சனி

மெக்கானிக் ஜெபராஜ் அண்ணன் இன்று என்னிடம் ஒரு கேள்விதான் கேட்டார். "எப்படி நிக்குது? டப்புன்னு நிக்குதா, இழுத்து இழுத்து நிக்குதா?"

எனக்குப் பதில் தெரியும். ஆனால் கடையில் நாலைந்து ஆண்கள் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தலையை மட்டும் ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவருக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை.

சொல்லாமல் விட்ட பதில் நாள் முழுக்க வாயிலேயே இருந்தது. அதனால் இங்கே எழுதுகிறேன். இந்த டைரி உரக்கடையில் என் கூடப்பிறந்த அண்ணனுக்குக் கொடுத்தது. அண்ணன் குவைத்துக்குப் போனபோது தன் பைக்கையும் இதையும் விட்டுவிட்டுப் போனான்.

வண்டி டப்பென்று நிற்கவில்லை. முதலில் ஒரு தும்மல். ஆக்ஸிலேட்டரைத் திருகினால் வேகம் கூடுவதற்குப் பதில் குறைகிறது. பிறகு மூச்சு வாங்குகிற மாதிரி இரண்டு இழுப்பு. அப்புறம் சத்தமே இல்லாமல் அடங்கிவிடுகிறது. கொஞ்ச நேரம் சும்மா விட்டு உதைத்தால் எதுவுமே நடக்காதது மாதிரி கிளம்புகிறது.

நின்ற இடம் காற்றாடி வளைவு. எங்கள் மேலக்குளத்துக்கும் சுரண்டைக்கும் நடுவில், ரோட்டை ஒட்டி ஒரு பெரிய காற்றாலை நிற்கிற இடம். வீடு கிடையாது, மரம் கிடையாது. ஆடி மாதக் காற்று மட்டும் உண்டு. பின்னால் டிரேயில் அம்மா அரைத்த இட்லி மாவு பாக்கெட்டுகள். மாவு யாருக்காகவும் காத்திருக்காது, பொங்கிக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் ஒவ்வொரு பாக்கெட்டின் மேல் மூலையிலும் ஊக்கால் ஒரு குத்துக் குத்தி அனுப்புவோம், காற்று வெளியே போக.

நேற்று ஆடி முதல் வெள்ளி. அம்மா வீடு, கிரைண்டர், வண்டி எல்லாவற்றையும் கழுவிச் சந்தனம் வைத்திருந்தாள். கழுவியதில் பிளக்கில் தண்ணீர் போயிருக்கும் என்று ஜெபராஜ் அண்ணன் சொன்னார். எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் டேங்க் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்ப்பார். பார்த்தார். பெட்ரோல் இருந்தது. பிளக்கைத் துடைத்து மாட்டி, தெருக்கோடி வரை ஓட்டிவிட்டு வந்தார். நன்றாக ஓடியது.

ஆடி 6, திங்கள்

மறுபடியும் காற்றாடி வளைவு.

மெகராஜ் அக்காவின் டிபன் கடை சுரண்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிறது. எங்கள் மாவில் பாதிக்கு மேல் அங்கேதான் போகிறது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா தோசைக்கல்லைச் சும்மா சூடாக்கிக்கொண்டு நின்றார். நான் வழக்கம்போல் கடைக்கு வெளியே வண்டியோடு நின்றேன். அக்கா தானாகப் பார்க்கிற வரைக்கும் நிற்பேன். கூப்பிட வராது.

"வந்தது வந்தே, கூப்பிட மாட்டியா? வாயி வலிச்சா ஹார்னாவது அடியேன்" என்றார்.

சாப்பிட வந்தவர்கள் சிரித்தார்கள். "பேரு மட்டும் பேச்சி" என்று ஒருவர் சொன்னார். எனக்குச் சாமி பேரை வைத்துவிட்டு அந்தச் சாமிக்குரிய குரலைக் கொடுக்காமல் விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்திலும் இதைத்தான் சொல்லுவார்கள். எழுந்து வாசிக்கச் சொன்னால் எழுந்திருப்பேன். வாசிப்பு மட்டும் வராது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுகொண்டேன்.

ஆடி 8, புதன்

சொரிமுத்து மாமா தென்காசியிலிருந்து வந்திருந்தார். அம்மாவின் அண்ணன். எங்கள் வீட்டில் என்ன முடிவானாலும் அவர்தான் முடிவு செய்வார். அம்மா அவரிடம் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. வண்டி நிற்கிற விஷயம் யார் வழியாகவோ அவர் காதுக்குப் போயிருக்கிறது. அம்மாவைப் பார்த்து, "வயசுப்பிள்ளைய காட்டுக்குள்ள நிறுத்திப்புட்டு இங்கன மாவு ஆட்டிக்கிட்டு இருக்க" என்றார். அம்மா அவருக்கு இன்னும் இரண்டு தோசை வைத்தாள்.

நான் அடுப்படியில் இருந்தேன்.

ஆடி 10, வெள்ளி

வண்டிக்குக் கண் பட்டிருக்கிறது என்று அம்மா முடிவு செய்துவிட்டாள். குவைத்துப் பணத்தில் வாங்கியது என்று ஊர் முழுக்க நினைக்கிறதாம். அண்ணன் இதைப் பழையதாக வாங்கியது குவைத்துக்குப் போவதற்கு முன்னால். அதை யாரிடம் போய்ச் சொல்வது.

காலையில் எலுமிச்சம்பழம் சுற்றினாள். ஹெட்லைட்டில் மூன்று விரல் பட்டை. பிறகு, போன வெள்ளி வைத்த மாதிரியே, டேங்க் மூடியில் வட்டமாக, தோசை வார்க்கிற மாதிரி, நடுவிலிருந்து சுற்றிச் சுற்றிச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"அங்க எதுக்கும்மா?" என்றேன். வீட்டுக்குள் எனக்குப் பேச்சு வரும்.

"நெத்தி வேண்டாமா அதுக்கு? ஒசரத்துல இருக்கதுதான நெத்தி."

இனி வெள்ளிக்கு வெள்ளி கிடையாது, ஆடி முடிகிற வரைக்கும் தினம் வைப்பாளாம்.

ஆடி 11, சனி

இன்று காற்றாடி வளைவு வரைக்கும்கூடப் போகவில்லை. அதற்கு முன்னாலேயே, செங்கல் சூளை தாண்டியதும் நின்றுவிட்டது.

ஜெபராஜ் அண்ணன் கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோலில் ஊறவைத்துக் கழுவினார். பழைய பிளக்கைத் தூக்கிப் போட்டுப் புதுசு மாட்டினார். கடையில் வேறு யாரும் இல்லாததால் நான் ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். டேங்க் மூடியைக் கழற்றி ஒரு சுத்தமான துணி விரித்து அதன்மேல் வைத்தார். வேலை முடிந்ததும் வண்டி முழுவதையும் துடைத்துப் பளபளவென்று ஆக்கினார். மூடியில் இருந்த பொட்டை மட்டும் தொடவில்லை. நான் அதைப் பார்த்ததை அவர் பார்த்துவிட்டார்.

"ஒங்க அம்ம பக்தியா வச்சது. நான் வேதக்காரன், அதை அழிச்சா நல்லாவா இருக்கும்?" என்றார்.

அவர் கடைச் சுவரில் ஏசு படம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் வருகிறவர்கள் மாட்டிவிட்டுப் போன முருகன் காலண்டரும் இருக்கிறது. அதையும் அவர் கழற்றவில்லை.

ஓட்டிப் பார்த்தார். நன்றாக ஓடியது. அவர் கையில் எப்போதுமே நன்றாகத்தான் ஓடுகிறது. எனக்கு அழுகை வந்தது. வண்டிக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று நினைத்தேன்.

ஆடி 12, ஞாயிறு

அம்மா ஆடித் தபசுக்குச் சங்கரன்கோவில் போயிருக்கிறாள், சித்தி வீட்டில் இரண்டு நாள் தங்கி வருவாள். முந்தின நாளே அரைத்து வைத்த மாவைத்தான் கொண்டுபோனேன். சாரல் விடாமல் தூறியது. வண்டி இரவு முழுக்க வெளியில் நனைந்துகொண்டு நின்றிருந்தது. கண்டிப்பாகக் கிளம்பாது என்று நினைத்தேன்.

ஒரே உதை. சுரண்டை வரைக்கும் ஒரே ஓட்டம்.

ஆடி 13, திங்கள்

நானே அரைத்தேன். இன்றும் நிற்கவில்லை. காற்றாடி வளைவில் நானாக நிறுத்திப் பார்த்தேன். காற்றாலையின் கைகள் சுற்றும்போது தலைக்குமேல் யாரோ பெரிய புடவையை உதறுகிற மாதிரி சத்தம். வண்டி நிற்கும் என்ற பயத்தில் இத்தனை நாள் இந்தச் சத்தத்தைக் கேட்டதில்லை. ஈர ரோட்டில் மேற்கே மலை தெரிந்தது. மறுபடி உதைத்துக் கிளப்பிக்கொண்டு, தேவையே இல்லாமல் வேகமாகப் போனேன்.

யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி 14, செவ்வாய்

அம்மா வந்துவிட்டாள். வண்டி ஓடியதைச் சொன்னேன். கோமதியம்மன் சன்னதியில் அவள் வேண்டிக்கொண்டது அப்படியே பலித்துவிட்டதாம். கண்ணில் நீர் வைத்துக்கொண்டாள். மழையில் பொட்டுக் கரைந்து போயிருப்பதைப் பார்த்துவிட்டு, கோவில் சந்தனத்தைக் குழைத்துப் புதிதாக வைத்தாள்.

ஆடி 15, புதன்

நின்றது.

ஆடி 20, திங்கள்

இன்று பங்கில் டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டேன். நிறைய இருந்தால் நிற்காது என்று ஒரு எண்ணம். ஆனால் நிறையப் போட்டால் இன்னும் சீக்கிரம் நிற்கிறது. இதற்கு என்ன அர்த்தம்?

செங்கல் சூளைக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போகும்போது காரில் வந்த இரண்டு பேர் நிறுத்தினார்கள். டேங்கில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார் ஒருவர். பொம்பளைப் பிள்ளைக்கு இது தேவையா என்றார் மற்றவர். நான் தலையைக் குனிந்துகொண்டே தள்ளினேன். அவர்கள் தப்பாக ஒன்றும் பேசவில்லை. ஆனால் அவர்கள் கார் மறைகிற வரைக்கும் நிமிரவில்லை. இதை அம்மாவிடம் சொல்லவில்லை.

ஆடி 22, புதன்

மாமா வந்தார். திங்கள்கிழமை காரில் வந்தவர்களில் ஒருவர் அவருக்குத் தெரிந்தவராம். எல்லாம் முடிவாகிவிட்டது.

அண்ணனிடம் போனில் பேசிவிட்டாராம். மாமா சொன்னால் சரி என்று அண்ணன் சொல்லிவிட்டானாம். வண்டியை மாமா தென்காசிக்கு எடுத்துக்கொண்டு போய் நல்ல கடையில் பார்த்து, அவர் மகன் காலேஜ் போக வைத்துக்கொள்வார். எனக்குத் திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. தங்குகிற இடம், சாப்பாடு எல்லாம் அவர்களே தருவார்கள். சேலைப் பிரிவில் நிற்க வேண்டும். வருகிறவர்களை வாங்க மேடம், உள்ள வாங்க மேடம் என்று கூப்பிட வேண்டும்.

வாசலில் நின்று கூப்பிட வேண்டும். நான்.

"ஆடியில எதையும் தொட வேண்டாம். ஆவணி ஒண்ணு நல்ல நாள். அன்னைக்கு வந்து வண்டிய எடுத்துக்கிடுதேன், அடுத்த வாரம் இவளக் கொண்டு விட்டுருவோம்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாளா, சொல்லிவிடுவேனோ என்று பார்த்தாளா, தெரியவில்லை. நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. ஆடி மாதம் இப்படி ஒரு உதவி செய்யும் என்று நினைத்ததில்லை. இல்லாவிட்டால் இன்றைக்கே கொண்டுபோயிருப்பார்.

ஆடி 27, திங்கள்

கம்பெனி மாவு விற்கிற ஆள் மெகராஜ் அக்கா கடையில் உட்கார்ந்திருந்தான். ஃபிரிட்ஜ் வைத்த வேனில் வருமாம், நேரம் தவறாதாம். அக்கா அவனை உட்காரவைத்துவிட்டு வெளியே வந்தார். என்னிடம் தனியாக, "ஒங்க அம்மை மாவுக்கு எவன் மாவும் வராது. ஆனா வராத மாவுல நான் தோசை சுட முடியுமா, நீயே சொல்லு" என்றார்.

அப்போது கடையில் ஒரு சின்னத் தகராறு. குடிதண்ணீர் டிரம்மில் தண்ணீர் வரவில்லை என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். குழாயைத் திருகினால் முதலில் வேகமாக வந்து, நூலாகி, நின்றுவிடுகிறது. அக்கா கரண்டியோடு வந்து, "காத்துல தூசி விழுதுன்னு எவனோ மூடிய இறுக்கிட்டான்" என்று மூடியை லேசாகத் தளர்த்தினார். டிரம் ஒரு முறை உறிஞ்சியது. தண்ணீர் கொட்டியது.

தினமும் பார்க்கிறதுதான். ஆனால் இன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அது மனதை விட்டுப் போகவில்லை.

ஆடி 29, புதன்

கண்டுபிடித்துவிட்டேன்.

எழுத்துக் கோணலாக வருகிறது. வரட்டும்.

செங்கல் சூளையைத் தாண்டி வண்டி தும்மியது. இரண்டு இழுப்பு. நின்றது. இதுவரைக்கும் நின்றால் நான் செய்வது, இறங்கி ஓரமாக நிறுத்தி, யாரும் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்வது. இன்று சாவியைப் போட்டு டேங்க் மூடியைத் திறந்தேன்.

உஸ்ஸ்.

காற்று வெளியே வரவில்லை. உள்ளே போனது. அந்த டிரம் உறிஞ்சியதே, அதே மாதிரி. மூடியை மாட்டாமல் உதைத்தேன். உடனே கிளம்பியது. காத்திருக்கவே இல்லை.

அணைத்தேன். மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் நடுவில் ஒரு சின்ன ஓட்டை, எறும்புகூட நுழையாது. வெளிப்பக்கம் அது வருகிற இடத்தில் அம்மா வைத்த பொட்டு. ஆடி முழுக்க ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, காய்ந்து, சுவர் பூச்சு மாதிரி இறுகியிருந்தது. துப்பட்டாவில் மாவுப் பாக்கெட் குத்துகிற ஊக்கு இருந்தது. குங்குமத்தின் நடுவில் குத்தினேன். உள்பக்கம் வழியாக வெளிச்சம் தெரிந்தது.

வண்டிக்குக் கண்ணும் படவில்லை, காத்துக் கருப்பும் இல்லை. பெட்ரோல் கீழே இறங்க, மேலே காற்று போக வேண்டும். அது மூச்சுவிட வழியில்லாமல் நின்றிருக்கிறது. டேங்க் நிறைய இருந்தால் உள்ளே காற்று கொஞ்சம்தான், அதனால்தான் சீக்கிரம் நின்றது. ஜெபராஜ் அண்ணன் முதல் வேலையாக மூடியைத் திறந்தார், அதனால்தான் அவர் கையில் ஓடியது. மழையில் பொட்டுக் கரைந்தது, அம்மாவும் ஊரில் இல்லை, அதனால்தான் அன்று ஓடியது.

காற்றாடி வளைவில் நிற்காமல் போனேன். போகும்போது சத்தமாக ஏதோ கத்தினேன். யாரும் இல்லாததால் வந்தது.

ஆடி 30, வியாழன்

நிச்சயமாகத் தெரிய வேண்டும். காலையில் அம்மா வைத்த பொட்டைத் தொடாமல் போனேன். சூளை தாண்டியதும் நின்றது. ஊக்கால் குத்தினேன். ஓடியது. போகவும் வரவும் நிற்கவில்லை.

மெகராஜ் அக்கா கடைக்கு நேரத்துக்கு முன்னாலேயே போய்விட்டேன். அக்கா கடையையே அப்போதுதான் திறந்துகொண்டிருந்தார்.

ஆடி 31, வெள்ளி

தெருமுக்கு தாண்டியதும் குத்தினேன். ஓடியது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? தினமும் குளித்துவிட்டு, ஈரத்தலையோடு, என் பிள்ளை நல்லபடியாகப் போய் வர வேண்டும் என்று முணுமுணுத்துக்கொண்டே வைக்கிறாள். நீ வைத்ததால்தான் நான் நடுரோட்டில் நின்றேன் என்று சொல்வதா? மாமாவிடம் சொன்னால் அவர் அம்மாவைப் பரிகாசம் பண்ணியே கொன்றுவிடுவார்.

"வண்டி சரியாயிட்டும்மா. இனிமே நிக்காது" என்று மட்டும் சொன்னேன்.

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சந்தோஷம்ட்டி" என்றாள். கொஞ்சம் கழித்து, "மாமாட்ட வாக்குக் குடுத்தாச்சே" என்றாள்.

நாளை ஆவணி ஒன்று.

ஆவணி 1, சனி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மாமா முதல் பஸ்ஸில் வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் அவர் மகன் எழுதிக்கொடுத்த ஹெல்மெட் கடை விலாசம். வண்டியைச் சுற்றி வந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்தார். டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டு வைக்கும்படி முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார், போட்டு வைத்திருந்தேன்.

புது மாதம், நல்ல காரியம் என்று அம்மா சந்தனம் குழைத்தாள். இன்று என்னவோ வழக்கத்தைவிடக் கெட்டியாகக் குழைத்தாள். டேங்க் மூடியில் வட்டமாக வைத்து, கட்டைவிரலால் நன்றாக அழுத்திவிட்டாள். அதன்மேல் இன்னும் கொஞ்சம் வைத்தாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். ஊக்கு துப்பட்டாவில்தான் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. நான்தான் எப்போதும் ஒன்றும் சொல்வதில்லையே.

மாமா கிளம்பிப் போனார். சத்தம் தெருமுக்கு திரும்பி மறைகிற வரைக்கும் அம்மாவும் நானும் வாசலில் நின்றோம். மெகராஜ் அக்காவுக்குப் போக வேண்டிய டிரே சுவரோரமாக இருந்தது. அதை மினி பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகலாம் என்று தூக்கினேன். அம்மா, "இரு, கொஞ்ச நேரம் கழிச்சுப் போ" என்றாள். எதற்கு என்று கேட்டேன். பாக்கெட்டில் ஊக்குக் குத்தினது சரியாக இல்லை, இன்னொரு தடவை பார்க்கணும் என்றாள்.

அவள் பார்த்து முடிப்பதற்குள் போன் அடித்தது. மாமா. பின்னால் காற்றாலைச் சத்தம் கேட்டது.

டிரேயோடு மினி பஸ்ஸில் போய் வளைவில் இறங்கினேன். மாமா வண்டியை ஸ்டாண்டு போட்டு, அதற்குப் பக்கத்தில் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு கையை விட்டால் வேட்டி போய்விடும், அப்படிக் காற்று. முகமெல்லாம் தூசி. உதைத்து உதைத்துக் கால் வலித்துவிட்டதாம். செங்கல் சூளையில் ஒரு தடவை நின்று, காத்திருந்து கிளப்பி, இங்கே வந்து மறுபடி நின்றுவிட்டதாம். தெரிந்தவன் ஒருத்தன் தாண்டிப் போகும்போது, மச்சான் வண்டிக்கு மேய்ச்சலா என்று கேட்டுவிட்டுப் போனானாம்.

"இதப் பழைய இரும்புக்குப் போட்டுருவோம்ட்டி. எம்மவனுக்கு இது வேண்டாம்."

"எனக்கு வேணும் மாமா" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது, யார் பேசியது என்று. காற்று அத்தனை சத்தத்தில் அடித்ததால் நானும் சத்தமாகப் பேச வேண்டியிருந்தது. அது உதவியாக இருந்தது.

"என்ன சொன்ன?"

"வண்டி எங்கிட்டயே இருக்கட்டும். துணிக்கடைக்கு நான் போகல. மாவுதான் போடுவேன்."

"ஓடாத வண்டிய வச்சு எப்படிப் போடுவ?"

"ஓட்டிக் காட்டுதேன்."

"காட்டு, பாப்போம்."

"மொதல்ல சரின்னு சொல்லுங்க."

மாமா சிரித்துவிட்டார். சிரித்ததில் ஒரு கை வேட்டியை விட்டுவிட்டது, அதைப் பிடிக்கத் திண்டாடினார். "சரி போ. நீ ஓட்டிட்டீன்னா வண்டி ஒனக்கு. துணிக்கடையும் கெடையாது. சொரிமுத்து சொன்னா சொன்னதுதான்."

துப்பட்டாவிலிருந்து ஊக்கை எடுத்தேன். பொட்டின் நடுவில் குத்தினேன். அம்மா இன்று கெட்டியாக வைத்திருந்ததால் இரண்டு தடவை குத்த வேண்டியிருந்தது. உஸ்ஸ் என்று இழுத்தது. மாமா குனிந்து காதை வைத்துக் கேட்டார். ஒரே உதை. கிளம்பியது.

மாமா மூடியைப் பார்த்தார், ஊக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத எப்ப கண்டுபிடிச்ச?"

"புதன்கிழம."

"புதன்கிழமயா? அப்ப காலையில எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல மாமா."

திட்டப் போகிறார் என்று நினைத்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். மடியில் மாவு டிரேயை வாங்கி வைத்துக்கொண்டார். "சுரண்டைல மாவக் குடுத்துட்டு என்னைப் பஸ் ஏத்திவிடு. மெதுவாப் போ தாயி" என்றார்.

நான் மெதுவாகப் போகவில்லை.

போகும் வழியில் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன். பொட்டு விஷயத்தை அம்மாவிடம் சொல்லக்கூடாது. அவர் ஹூம் என்றார். மெகராஜ் அக்கா, மாவு டிரேயோடு பின்னால் இறங்கிய மாமாவைப் பார்த்துவிட்டு, புது ஆள் வேலைக்குச் சேர்த்திருக்கியா என்று கேட்டார்.

ஆவணி 2, ஞாயிறு

மாமா போனில் அம்மாவிடம் பேசினார். வண்டிக்கு ஒரு கோளாறும் இல்லையாம், பிள்ளை கைக்கு மட்டும்தான் ஓடுமாம், அவளிடமே இருக்கட்டுமாம். அண்ணனிடமும் அவரே சொல்லிவிடுவாராம். பொட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை. அம்மா, "நீங்க சொன்னாச் சரிண்ணே" என்றாள், எப்போதும் போல.

ஆவணி 4, செவ்வாய்

ஜெபராஜ் அண்ணன் கடைக்குப் போய்ச் சொன்னேன். கடையில் மூன்று பேர் இருந்தார்கள். குரல் பாதியில் உடைந்தது. நிறுத்தி, எச்சில் விழுங்கி, மறுபடி முதலிலிருந்து சொன்னேன். டப்புன்னு நிக்கல, இழுத்து இழுத்துத்தான் நின்னுது, அதுக்குக் காரணம் இது என்று. அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "நான் மருவாதைக்கு விட்டேன் பாரு, அதுதான் நோயி!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஆவணி 7, வெள்ளி

அம்மா வண்டியைக் கழுவினாள். சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். எப்படிச் சொல்வது என்று வாரம் முழுக்க யோசித்து ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். ஹெட்லைட்தானே கண், கண்ணுக்கு மேலேதானே நெற்றி, அதனால் பொட்டை அங்கே வைப்போம் என்று சொல்ல நினைத்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா ஹெட்லைட்டுக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள். டேங்க் மூடியை ஈரத்துணியால் துடைத்தாள். முந்தானையிலிருந்து ஊக்கை எடுத்து, நடுவில் ஒரு குத்துக் குத்தி, ஊதிவிட்டாள்.

"இங்க வேண்டாம். மூச்சு விடட்டும்" என்றாள்.

"ஒனக்கு யாரு சொன்னா? மாமாவா?"

"அவர் எதுக்குச் சொல்லணும்? ஆடி கடைசி மூணு நாளும் நான் வச்ச பொட்டு நடுவுல ஓட்ட. ஊக்குக் குத்துன ஓட்ட எனக்குத் தெரியாதாட்டி? தெனமும் எத்தன பாக்கெட்டு குத்துதேன்."

அப்படியென்றால் ஆவணி ஒன்றாம் தேதிக்கு முன்னாலேயே அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் அன்றைக்கு, மாமா பக்கத்தில் நிற்கும்போது, அவ்வளவு கெட்டியாக, கட்டைவிரலால் அழுத்தி...

கேட்கலாம் என்று திரும்பினேன். அம்மா கிண்ணத்தைக் கழுவப் போய்விட்டாள். அவள் முதுகு குலுங்கிக்கொண்டிருந்தது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

டிரேயைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். செங்கல் சூளை. காற்றாடி வளைவு. சுரண்டை. எங்கேயும் நிற்கவில்லை. மெகராஜ் அக்கா கடையில் நல்ல கூட்டம். அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார். வண்டியை நிறுத்தி இறங்கினேன். கை தானாக ஹார்னுக்குப் போனது.

அடிக்கவில்லை.

"அக்கா, மாவு வந்துட்டு" என்று கூப்பிட்டேன்.